வாய் திறவாமல் கடிக்கும் பாம்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் தம் மைத்துனருக்கு நேர்ந்ததை விவரித்து, வாசகர் ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில் வீட்டு முற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்த, ஒரு முழ நீளம்கூட இல்லாத கருநிறப் பாம்பை நஞ்சற்றது என்று எண்ணிய அந்த மைத்துனர், பாம்பு பிடிப்பவர்கள் செய்வதைப் போலவே தலைக்குச் சற்றுப் பின்னால் இரு விரல்களால் அழுத்திப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். பாம்பு வாயைத் திறந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியது போன்ற வலி ஏற்பட்டு, ஒரே ஒரு துளை தென்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்து வலிக்கு மருந்து கொடுத்தார்களே ஒழிய, விஷமுறிவு மருந்து செலுத்தவில்லை. அது என்ன பாம்பு, வாய் திறவாமல் எப்படிக் கடித்தது, விஷமுறிவு மருந்து ஏன் தரப்படவில்லை என்பவையே கேள்விகள்.

பாம்பை நேரில் பார்க்காமல் இனம் சொல்வது பொதுவாகத் தவறான பழக்கம். ஆனால் இந்த ஒரு பாம்பின் விஷயத்தில் அது கடித்த விதமே அதன் அடையாளச் சீட்டு. முறையாகத் தலைக்குப் பின்னால் பிடிக்கப்பட்ட நிலையிலும், வாயை மூடியபடியே, பிடித்த விரலை ஒற்றைப் பல்லால் பக்கவாட்டில் குத்தும் பாம்பு தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒன்றுதான்: தென்பகுதி ஸ்டிலெட்டோ பாம்பு எனப்படும் அட்ராக்டாஸ்பிஸ் பிப்ரோனி. ஸ்டிலெட்டோ என்பது குத்துவதற்கென்றே செய்யப்பட்ட, ஒல்லியான அலகுடைய குறுவாளின் பெயர். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் இதன் பெயருக்குப் 'பக்கவாட்டில் கொத்தும் பாம்பு' என்றே பொருள். அறிவியல் பெயரின் முற்பகுதி நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு அம்பு என்ற பொருளும் உண்டு. உடலின் வடிவத்துக்குக் கதிரும் பல்லின் வேலைக்கு அம்பும் பொருந்துவதால், இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் பெயர் பிழைபடாது. பிற்பகுதி பிரெஞ்சு ஊர்வன ஆய்வாளர் கேப்ரியல் பிப்ரோனின் நினைவாக இடப்பட்டது. இந்தப் பேரினத்தையும் சிற்றினத்தையும் 1849-இல் முதலில் விவரித்தவர் ஆண்ட்ரூ ஸ்மித். படை மருத்துவராகக் கேப் டவுனுக்கு வந்து, அங்குள்ள தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர்.

வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 30 முதல் 50 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். மிகப் பெரியவை 70 சென்டிமீட்டரை ஒட்டி வரலாம். உடல் உருளை வடிவானது, செதில்கள் வழவழப்பானவை, நிறம் கருப்பு, கரும்பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு, அடிவயிறு சிலவற்றில் வெண்மை, சிலவற்றில் கருமை. கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. தலை உடலின் நீட்சி போலவே மழுங்கி முடியும். கண்கள் கடுகளவு கரும்புள்ளிகள். வால் குட்டையானது, அதன் நுனியில் ஒரு சிறு முள் உண்டு. பாம்பைப் பிடிக்கும்போது அந்த முள்ளைக் கைமீது அழுத்தும். அதில் நஞ்சு கிடையாது. ஆனால் வாலில் ஏதோ குத்தியதும் பிடித்தவர் பதறி அந்தப் பக்கம் பார்க்கிறார். உண்மையான ஊசி மறுமுனையில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் வடக்கு, கிழக்கு மாகாணங்கள், எஸ்வாட்டினி, மொசாம்பிக், ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, அங்கோலா, ஜாம்பியா, மலாவி, தான்சானியா, கென்யாவின் கடலோரம் என இதன் பரப்பு மிக விரிந்தது. அட்ராக்டாஸ்பிஸ் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. ஒன்றிரண்டு இஸ்ரேல், ஜோர்டான், அரேபியத் தீபகற்பம் ஆகிய பகுதிகளில் வாழ்கின்றன. மற்றவை அனைத்தும் சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் உள்ளவை. அரிதான பாம்பு என்று சொல்ல முடியாது. அரிதாகக் கண்ணில் படும் பாம்பு என்பதே சரி. வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள், பழைய கறையான் புற்றுகளில், மரக்கட்டைகளுக்கும் பாறைகளுக்கும் அடியில், இலைமக்கினுள் கழித்துவிடுகிறது. வெப்பமான கோடை மாதங்களில் மழை பெய்து மண் ஊறிய இரவுகளில்தான் தரைக்கு மேல் வருகிறது. உங்கள் மைத்துனர் அதைச் சந்தித்ததும் அப்படிப்பட்ட இரவில்தான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாம்பைப் பற்றிச் சொல்லத் தகுந்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பாம்பு கடிப்பதை நாம் திறந்தவெளியில் நடக்கும் செயலாகவே கற்பனை செய்து பழகிவிட்டோம். விரியன் கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, வாயை அகலத் திறந்து, மடங்கியிருந்த இரண்டு நச்சுப்பற்களையும் முன்னோக்கி நிமிர்த்தி, இரையை நோக்கிப் பாய்கிறது. இதற்குத் தலையைப் பின்னிழுக்க இடம் வேண்டும். வாயைத் திறக்க மேலும் கீழும் இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இரை எதிரே இருக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பாம்பு தன் உடலைவிடச் சற்றே அகலமான வளைக்குள் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். பின்னிழுக்க இடமில்லை, வாயைத் திறந்தால் தாடைகள் சுவரில் முட்டும். இரையோ எலிக்குஞ்சாக இருந்தால் வளையின் சுவரோடு ஒண்டிக் கிடக்கும். அரணையாக இருந்தால் பக்கவாட்டில் நழுவித் தப்பப் பார்க்கும். இத்தகைய இடத்தில் பாய்ந்து கடிக்கும் கருவி பயன்படாது. எதிரே குத்தும் ஈட்டியைவிட, இரையின் உடலோடு உரசிச் செல்லும்போதே பக்கத்தில் செருகக்கூடிய குத்தூசிதான் இங்கே உதவும். ஸ்டிலெட்டோ பாம்பின் தலை முழுவதும் அந்தக் குத்தூசியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதன் மேல்தாடை எலும்பு மிகச் சிறியது. அதில் தலையின் அளவோடு ஒப்பிட்டால் திகைப்பூட்டும் நீளமுள்ள, உட்துளையுடைய ஒரு நச்சுப்பல் பின்னோக்கிக் கிடக்கிறது. விரியனின் மேல்தாடை எலும்பு கதவின் கீல் போல முன்னும் பின்னுமே அசையும். இந்தப் பாம்பின் எலும்போ தனக்கு மேலுள்ள எலும்போடு குழியில் பொருந்திய குமிழ் போன்ற மூட்டால் இணைந்திருப்பதால், வெளிப்பக்கமாகச் சுழல முடியும். குத்த வேண்டிய நேரத்தில் அந்தப் பக்கத்துக் கீழ்த்தாடை சற்றே ஒதுங்குகிறது; பல் கீழுதட்டைத் தாண்டி வாயின் ஓரமாக வெளியே நீளுகிறது; அதன் கூர்முனை பக்கவாட்டிலும் பின்புறமாகவும் நோக்கி நிற்கிறது. உடனே பாம்பு தலையைக் கீழும் பின்னுமாகக் கொக்கிபோல் இழுக்கிறது. ஒரு முறைக்கு ஒரு பக்கத்துப் பல்தான் வேலை செய்யும். ஆகவே காயத்தில் பெரும்பாலும் ஒற்றைத் துளைதான் இருக்கும். 'இரண்டு துளை இருந்தால்தான் நஞ்சுள்ள பாம்பு' என்ற நம்பிக்கை எங்குமே நம்பத் தகுந்ததல்ல. இந்தப் பாம்பிடம் அது முற்றிலும் பொய்த்துப்போகிறது.

தலைக்குப் பின்னால் பிடிக்கும் பிடி ஏன் உதவவில்லை என்பது இப்போது விளங்கும். அந்தப் பிடியின் அடிப்படையே 'பாம்பு முன்னோக்கித்தான் கடிக்கும். எனவே வாய்க்குப் பின்னால் இருக்கும் விரல் தப்பும்' என்ற கணக்குதான். நாகத்துக்கும் பெரும்பாலான பாம்புகளுக்கும் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஸ்டிலெட்டோ பாம்புக்கோ, தலையின் இருபுறமும் அழுத்தும் விரல்கள் வளைக்குள் தன்னை ஒட்டிக் கிடக்கும் இரையின் இடத்தில்தான் இருக்கின்றன. அது எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. அன்றாடம் இரைக்குச் செய்வதையே விரலுக்கும் செய்கிறது. இதைப் பாதுகாப்பாகக் கையில் பிடிக்கும் முறை ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லிவைக்கக் காரணம், கடிபட்டவர்களில் பாம்புகளைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள் கணிசமானோர் என்பதே. ஒன்றுமே தெரியாதவர் விலகி ஓடியிருப்பார். பாதி தெரிந்தவர்தான் குனிந்து எடுக்கிறார்.

இந்தக் கருவிக்குப் பாம்பு கொடுத்த விலையும் உண்டு. 2003-இல் அலெக்சாண்ட்ரா டொய்ஃபெல், டேவிட் கண்டால் ஆகிய இரு ஆய்வாளர்கள் இப்பேரினப் பாம்புகள் இரை உண்பதை நுணுகி ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பாம்புகள் இரையை விழுங்கும்போது, மேல்வாயின் இடப்புற எலும்புகளையும் வலப்புற எலும்புகளையும் மாறி மாறி முன்னகர்த்தி, அவற்றிலுள்ள பற்களால் இரையைப் பற்றி உள்ளிழுக்கும். ஒருவர் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல. பெரிய நச்சுப்பல் பக்கவாட்டில் சுழல இடம் விட்டதில், ஸ்டிலெட்டோ பாம்பின் மேல்வாயில் இந்த ஏற்பாடு ஏறத்தாழ அழிந்துவிட்டது. அதனால் தலையைத் திருப்பியும் கழுத்தை நெளித்தும் இரையின் மீது தன்னைத் தானே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டுதான் விழுங்க முடிகிறது. மற்றப் பாம்புகளோடு ஒப்பிட்டால் மிகவும் மந்தமான முறை. அதே ஆய்வில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது: ஒரே வளையில் பல எலிக்குஞ்சுகள் இருந்தால், இந்தப் பாம்பு முதல் குஞ்சைக் குத்தியதும் விழுங்கத் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றாக அனைத்தையும் குத்தி முடித்துவிட்டு, பிறகே சாவகாசமாக உண்ணத் தொடங்குகிறது. விழுங்குவதில் மந்தமான ஒரு விலங்குக்கு இது மிகவும் பொருத்தமான ஒழுங்கு.

எலிக்குஞ்சுகளைத் தவிர, மண்ணுக்குள் வாழும் அரணைகள், புழுப்பாம்புகள், மண்புழுவின் தோற்றமுடைய ஆம்ஃபிஸ்பீனியன் என்னும் ஊர்வன, அவ்வப்போது சிறு தவளைகள் ஆகியவை இதன் உணவு. கோடையில் மூன்று முதல் ஏழு முட்டைகள் வரை இடும். பொரித்து வரும் குட்டி சுமார் 15 சென்டிமீட்டர் நீளமிருக்கும்.

மண்ணுக்கு மேல் தொந்தரவுக்கு உள்ளானால் இது காட்டும் தோரணையும் தனித்தன்மை வாய்ந்தது. கழுத்தை வில்போல் வளைத்து உயர்த்தி, மூக்கு நுனி தரையைத் தொடும்படி தலையைச் செங்குத்தாகக் கீழே கவிழ்த்துக்கொள்ளும். தலைகுனிந்து வணங்குவது போன்ற தோற்றம். நாகம் படமெடுத்தால் யாருக்கும் எச்சரிக்கை புரிகிறது. இந்தப் பாம்பின் பணிவோ பார்ப்பவரைத் துணிவுகொள்ள வைக்கிறது. தொட்டால் உடலைச் சட்டென்று வெட்டியிழுத்துப் பக்கவாட்டில் குத்தும். லைபீரியாவிலும் கினியாவிலும் கண்டறியப்பட்டு 2019-இல் விவரிக்கப்பட்ட அட்ராக்டாஸ்பிஸ் பிராங்கி என்ற சிற்றினம், உடலைச் சுருட்டி விடுவித்துத் தன் நீளத்துக்கு நெருங்கிய தொலைவுவரை துள்ளியதாகக் கண்டுபிடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் காலமான தென்னாப்பிரிக்க ஊர்வன அறிஞர் பில் பிராங்கின் பெயரை அந்தப் பாம்பு தாங்குகிறது.

வகைப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய நூல்களைப் புரட்டினால் உங்களுக்குக் குழப்பம் வரும். அவற்றில் இது 'அகழெலி விரியன்', 'வளை விரியன்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களில் காணப்படும். நீண்ட, உட்துளையுள்ள, மடங்கும் பல்லைப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இதை விரியன் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். தமிழில் நாமும் நாகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாம்பைக் கட்டுவிரியன் என்று அழைத்து வருகிறோம். மக்கள் வழக்கில் அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அறிவியலில் இந்தப் பிழை நூறாண்டுக்கும் மேல் நிலைத்தது. 1960-களில் மண்டையோட்டின் எலும்புகளைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பல்லைத் தவிர மற்ற எதுவும் விரியனோடு ஒத்துப்போகவில்லை என்பது தெளிவானது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இதை ஆப்பிரிக்க வீட்டுப் பாம்புகளும் அடங்கும் பெருங்கிளைக்குள் வைத்தன. வாயின் முன்புறத்தில் உட்துளையுள்ள நச்சுப்பல் என்னும் உறுப்பு விரியன்களிடம் ஒருமுறையும் நாகங்களிடம் ஒருமுறையும் தோன்றியது என்று கருதிவந்த இடத்தில், இந்தச் சிறு கூட்டத்திடம் மூன்றாவது முறையாகவும் தனியே தோன்றியிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாம்பைப் பற்றிய செய்திகளில் கடிக்கு அடுத்தபடி நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

நஞ்சைப் பற்றிப் பேச, டர்பனை விட்டு இஸ்ரேலின் சாக்கடல் கரைவரை போய்வர வேண்டும். அங்கே ஐன் கெதி என்னும் பாலைவனச் சோலையின் பெயர் பெற்ற அட்ராக்டாஸ்பிஸ் என்கடென்சிஸ் என்ற உறவினப் பாம்பு இருக்கிறது. எபிரேய மொழியில் அதன் பெயர் 'சராஃப்'. விவிலியத்தில் கொள்ளிவாய்ப் பாம்புகளைக் குறிக்க வரும் சொல் அது. அந்தப் பாம்பின் நஞ்சை ஆராய்ந்த டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழுவினர், சுண்டெலிகளை அது மிக விரைவாகக் கொல்வதையும், அந்த மரணம் நரம்பு செயலிழந்ததாலோ இரத்தம் உறையாமல் போனதாலோ அன்றி, இதயமே நேரடியாகத் தாக்கப்பட்டதால் நேர்வதையும் கண்டார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இறுகிச் சுருங்குகின்றன. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்துடிப்பு தடைபடுகிறது. இதற்குக் காரணமான நஞ்சுக் கூறுகளைப் பிரித்தெடுத்து, பாம்பின் எபிரேயப் பெயரால் 'சராஃபோடாக்சின்' என்று அழைத்தார்கள். அவை ஒவ்வொன்றும் 21 அமினோ அமிலங்களும் இரண்டு கந்தகப் பிணைப்புகளும் கொண்ட மிகச் சிறிய புரதத் துண்டுகள்.

இதே காலத்தில் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில், பாம்புக்கும் தமக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குழு, இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் சுரக்கும் ஏதோ ஒன்று குழாயைச் சுருக்குகிறதே, அது என்ன என்று தேடிக்கொண்டிருந்தது. மசாஷி யானகிசாவாவும் அவருடைய குழுவினரும் பன்றியின் பெருந்தமனிச் செல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 'எண்டோதீலின்' என்று பெயரிட்டு 1988-இல் வெளியிட்டார்கள். அதுவும் 21 அமினோ அமிலங்கள் கொண்டது. அதற்கும் இரண்டு கந்தகப் பிணைப்புகள். அதே 1988-இல் சராஃபோடாக்சினின் அமைப்பும் வெளியாக, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு மேலிட்டது. பாலூட்டிகளின் உடல் இரத்த அழுத்தத்தைச் சீராக்கத் தானே துளித்துளியாகச் சுரக்கும் பொருளும், மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பு இரையைக் கொல்லச் செலுத்தும் பொருளும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. நஞ்சு வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளாக நடந்துகொள்வதில்லை. நம் செல்களில் எண்டோதீலினுக்கென்றே இருக்கும் ஏற்பிகளில் போய் அமர்ந்து, உடலே கட்டளையிட்டதுபோல் குழாய்களை இறுக்கிவிடுகிறது.

பிற்பாடு அதன் மரபணுவைப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. நம் உடலில் எண்டோதீலினுக்கான முன்னோடிப் புரதம் ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்டோதீலின் இருக்கிறது. இந்தப் பாம்பின் முன்னோடிப் புரதத்திலோ மணிமாலையில் மணிகள் கோத்ததுபோல் பல சராஃபோடாக்சின்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உடலுக்குத் தேவைப்படுவது ஒரு துளி. கொல்வதற்குத் தேவைப்படுவது அதிகம் என்பதால், ஒரே வார்ப்பில் பலவற்றை உருவாக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. சராஃபோடாக்சின்களில் ஒன்று எண்டோதீலினின் இருவகை ஏற்பிகளில் ஒருவகையை மட்டுமே தேர்ந்து பற்றுவதால், அந்த ஏற்பிகளைப் பிரித்தறிய ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படுகிறது. அந்த ஏற்பிகளைத் தடுக்கும் போசென்டான் என்ற மருந்து 2001-இல் நுரையீரல் தமனி உயரழுத்த நோய்க்கு ஒப்புதல் பெற்றது. மருந்து பாம்பிலிருந்து எடுக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படித் திரித்துச் சொல்லும் கட்டுரைகள் உலவுகின்றன.

டர்பன் பாம்புக்குத் திரும்புவோம். பிப்ரோனியின் நஞ்சிலும் இதே வகைச் சிறு புரதம் ஒன்று இருக்கிறது. 'பிப்ரோடாக்சின்' என்பது அதன் பெயர். ஆயினும் மனிதரில் இதன் கடி பெரும்பாலும் இதயத்தை அல்ல, கடிபட்ட இடத்தையே தாக்குகிறது. நஞ்சில் திசுக்களைச் சிதைக்கும் வேறு பெரிய புரதங்களும் உண்டு. செலுத்தப்படும் அளவோ மிகக் குறைவு. சாக்கடல் பகுதிப் பாம்பும் மேற்கு ஆப்பிரிக்காவின் அட்ராக்டாஸ்பிஸ் மைக்ரோலெபிடோட்டாவும் வேறுபட்டவை. அவற்றின் நஞ்சுப் பைகள் தலையோடு நிற்காமல் கழுத்தையும் தாண்டி உடலுக்குள் நீண்டு கிடக்கின்றன; அவற்றின் கடியால் மனிதர்கள் இறந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. பிப்ரோனி கடித்தால் சில நிமிடங்களில் கடுமையான வலி தொடங்கும். விரல் வீங்கும், வீக்கம் கையின் மேல்நோக்கிப் பரவும், அக்குளில் நெறி கட்டும், சிலருக்குக் குமட்டலும் வரும். அடுத்த சில நாள்களில் துளையைச் சுற்றிக் கொப்புளம் எழுந்து தோல் கருகலாம். பலர் அதோடு தேறிவிடுகிறார்கள். சிலர் விரல் நுனியை, சிலர் விரலையே இழந்திருக்கிறார்கள். டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பாம்புக்கடியோடு மருத்துவமனைக்கு வருவோரிடையே இது அடிக்கடி காணப்படும் கடிகளில் ஒன்று. கையில் எடுத்தவர்கள் மட்டுமல்ல, இரவில் வெறுங்காலோடு முற்றத்தில் நடந்தவர்களும் தரையில் படுத்து உறங்கியவர்களும் அதில் அடக்கம்.

மூன்றாவது கேள்வியில் மருத்துவர்கள் மீது ஒரு மனக்குறை தொனிக்கிறது; அது தேவையற்றது. விஷமுறிவு மருந்து எல்லாப் பாம்புக்கும் பொதுவான ஒன்றல்ல. குறிப்பிட்ட பாம்புகளின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தே அதைச் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜொகன்னஸ்பர்க்கில் தயாராகும் பன்மை விஷமுறிவு மருந்து பத்து இனப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு உருவாக்கப்பட்டது: பஃப் விரியன், கபூன் விரியன், மாம்பாக்கள் மூன்று, நாகங்கள் நான்கு, நாகத்தை ஒத்த ரிங்கல்ஸ் என்னும் பாம்பு. ஸ்டிலெட்டோ பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதன் நஞ்சை இந்த மருந்து முறியடிப்பதும் இல்லை. பயன் தராத மருந்தைச் செலுத்தினால் மிஞ்சுவது குதிரைப் புரதத்தால் வரக்கூடிய, உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை மட்டுமே. ஆகவே உங்கள் மைத்துனருக்கு அதைச் செலுத்தாமல் விட்டது கவனக்குறைவன்று, சரியான மருத்துவ முடிவு. இதற்கென ஒரு மருந்தைத் தனியே செய்யலாமே என்றால், இவ்வளவு சிறிய பாம்பிடமிருந்து கிடைக்கும் நஞ்சு மிகக் கொஞ்சம். கையில் பிடிக்கவே முடியாத பாம்பிடம் நஞ்சு கறப்பதும் எளிதன்று. சராஃபோடாக்சின் போன்ற மிகச் சிறிய புரதத் துண்டுகளை எதிர்த்துக் குதிரையின் உடல் வலுவான எதிர்ப்பொருளை உருவாக்குவதும் கடினம்.

எனவே சிகிச்சை என்பது வலியைத் தணிப்பது, கையைச் சற்று உயர்த்தி வைப்பது, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிப்பது, காயத்தைச் சுத்தமாகப் பேணுவது ஆகியவைதான். கடிபட்டவுடன் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் கழற்ற இயலாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தம் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய மூன்றும் ஏற்கெனவே சிதையத் தொடங்கிய திசுவை மேலும் கெடுக்கும். உங்கள் மைத்துனரின் விரலில் இன்னும் கருமையோ சீழோ உணர்வின்மையோ இருந்தால், 'பாம்பின் நஞ்சுதான் இறங்கிவிட்டதே' என்று இருந்துவிடாமல் அவர் மீண்டும் மருத்துவரிடம் காட்டட்டும்.

அவர் அந்தப் பாம்பை நஞ்சற்றது என்று நினைத்ததில் வியப்பில்லை. அந்தப் பகுதியில் பழுப்பு வீட்டுப் பாம்பு, ஓநாய்ப் பாம்பு என்று தீங்கற்ற பாம்புகள் பல இதே அளவிலும் ஏறத்தாழ இதே நிறத்திலும் உண்டு. வீட்டுப் பாம்பின் தலையோரத்தில் வெளிறிய கோடுகள் ஓடும், கண் பெரிதாக இருக்கும் என்றெல்லாம் வேறுபாடுகளைச் சொல்லலாம். இரவில், ஈரத் தரையில், கைவிளக்கு ஒளியில் அவை பயன்படுவதில்லை. ஊதா மினுக்குப் பாம்பு, நட்டால் கரும்பாம்பு போன்ற, ஓரளவு நஞ்சுள்ள மண்வாழ் பாம்புகளையும் ஸ்டிலெட்டோவையும் பழகியவர்களே மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை உறுதியாகப் பிரிக்கத் தலைச் செதில்களை எண்ண வேண்டும். அதற்குப் பாம்பைக் கையில் எடுக்க வேண்டும். கையில் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இனம் அறியவே முயல்கிறோம். ஆகவே அங்கே வாழ்பவருக்கு நான் சொல்லக்கூடியது, சிறிய, கருமையான, வழவழப்பான எந்தப் பாம்பையும் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கையால் தொடாதீர்கள் என்பதே. மழை இரவுகளில் முற்றத்துக்குச் செல்லும்போது மூடிய காலணியும் விளக்கும் இருக்கட்டும். பாம்பு தென்பட்டால் அது போகும் வழியில் போகவிடலாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் நீண்ட துடைப்பத்தால் உயரமான பிளாஸ்டிக் வாளிக்குள் தள்ளி மூடிவிட்டு, பாம்பு பிடிப்பவரை அழைக்கலாம். வருபவர் மற்றப் பாம்புகளுக்குக் கொண்டுவரும் துணிப்பையை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பல் துணியைத் துளைத்து வெளியே வரும்.